அச்சடித்த கண்ணுக்காகக் காத்திருக்கலாமா?

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உக்குவளையிலுள்ள மாமா வீட்டில் பகல் சாப்பாடு. சாப்பிட்டு முடிந்ததும் மாமா தன் போனை என்னிடம் நீட்டினார். வட்ஸ்அப் குழுவொன்றில் வந்த சிறு காணொளி அது. இயந்திரமொன்றின் ஊசி மெல்ல நகர்ந்து, கண்ணாடிக் குமிழ் போன்ற ஒன்றை வரைகிறது. கீழே தமிழில், "இனி கண் தானம் தேவையில்லை, மனிதக் கண்ணை அச்சடிக்கும் விஞ்ஞானிகள்" என்று எழுதியிருந்தது.

"மகன், கண்ணையும் இப்ப மெஷின்ல அச்சடிக்கிறாங்களாம். இது மெய்யா?"

விளையாட்டாகக் கேட்ட கேள்வியல்ல அது. மாமாவின் வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் மிளகுக் கொடி படர்ந்த கிளிசரியா மரங்களில் கிளை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குச்சி கண்ணில் பட்டது. முதல் நாள் தண்ணீரால் கழுவிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். கண் சிவந்ததும் யாரோ சொன்ன சொட்டு மருந்தொன்றைக் கடையில் வாங்கி விட்டார். சிவப்பு குறைந்தது, வலியும் குறைந்தது. பத்து நாட்களில் கண்ணின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. வைத்தியசாலைக்குப் போனபோது, பூஞ்சணத் தொற்று ஆழமாகப் போய்விட்டது என்றார்கள். நீண்ட சிகிச்சைக்குப் பிறகு தொற்று அடங்கியது. ஆனால் அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

கண் கிளினிக்கில் டொக்டர் சொன்னது ஒன்றுதான்: இறந்தவர் ஒருவர் தானம் செய்த கோர்னியாவைப் பொருத்தினால் பார்வை திரும்பும் வாய்ப்பு இருக்கிறது. மாமா "யோசிச்சிட்டுச் சொல்றன்" என்று வந்துவிட்டார். ஏன் என்று கேட்டபோது சொன்ன பதில் என்னைத் தடுமாற வைத்தது. "மையத்துட கண்ண வெச்சிக்கிட்டு நாளைக்கு மறுமையில போய் நின்டா, அந்தக் கண் யாருக்குச் சாட்சி சொல்லும் மகன்?"

இதனால்தான் அந்தக் காணொளி அவருக்கு அவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது. அச்சடித்த கண் வந்துவிட்டால் யாருடைய கண்ணும் வேண்டாம், எந்த மார்க்கக் கேள்வியும் இல்லை. அதற்காகக் காத்திருக்கலாம் அல்லவா?

நான் மாத்தளையில் பல வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மௌலவியும் அல்ல, கண் வைத்தியரும் அல்ல. ஆனாலும் அந்தக் காணொளி எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைத் தேடிப் படித்து மாமாவுக்கு விளக்கினேன். நம் வீடுகளில் இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோர்னியா என்பது என்ன என்று பார்ப்போம். கண்ணின் முன்பக்கத்தில், கறுப்பு வட்டத்துக்கு மேலே கண்ணாடி போல மூடியிருக்கும் மெல்லிய படலம் அது. நம் பாடசாலைப் புத்தகங்களில் விழிவெண்படலம் என்று இருக்கும். அரபியில் கர்னிய்யா. கொம்பு என்ற பொருளுள்ள கர்ன் என்ற சொல்லிலிருந்து வந்தது. துல்கர்னைன் என்ற பெயரில் வரும் அதே கர்ன்தான். லத்தீனில் கோர்னியா என்ற பெயருக்கும் கொம்பு என்பதே மூலம். மெல்லியதாகச் சீவிய கொம்பைப் போல ஒளி ஊடுருவும் என்பதால் இந்தப் பெயர். இதைக் கற்றராக்டுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். கற்றராக்ட் உள்ளே இருக்கும் வில்லையில் வருவது. பூ விழுவது வெளியே இருக்கும் இந்தப் படலத்தில்.

கோர்னியாவின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அதில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் என்ற புரத நார்களால் ஆனது. ஆச்சரியம் என்னவென்றால், கண்ணின் வெள்ளைப் பகுதியும் பெரும்பாலும் அதே கொலாஜனால் ஆனதுதான். ஒரே பொருள், ஒரே கண்ணில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று கண்ணாடி போல, மற்றது பால் போல. ஏன்?

வித்தியாசம் அடுக்கில் இருக்கிறது. கோர்னியாவில் ஒவ்வொரு நாரும் ஒரு மில்லிமீற்றரின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு தடிப்புத்தான். அந்த நார்கள் ஒரே தடிப்பில், ஒரே இடைவெளியில், ஒன்றுக்கொன்று சமாந்தரமாகப் படுத்திருக்கின்றன. அப்படி 200க்கும் மேற்பட்ட படைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒரு படையின் நார்கள் ஒரு திசையில் ஓடினால் அடுத்த படையின் நார்கள் அதற்குக் குறுக்காக ஓடும். இந்த ஒழுங்கு இருக்கும்வரை நார்களில் பட்டுச் சிதறும் ஒளி பக்கவாட்டில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, நேர் திசையில் மட்டும் போகும். அதனால்தான் நமக்குப் பார்வை. வெள்ளைப் பகுதியில் நார்கள் சில தடிப்பாக, சில மெல்லியதாக, கண்டபடி பின்னிக் கிடக்கின்றன. ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது, வெள்ளையாகத் தெரிகிறது.

மாமாவுக்கு இதை ஸஃப்பை வைத்து விளக்கினேன். பள்ளியில் தொழுகைக்கு நிற்கும்போது எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து நேராக நிற்கிறோம். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் வெளி நேராகத் தெரியும். ஸலாம் கொடுத்து எல்லோரும் எழுந்து வாசலுக்கு நகரும்போது பாருங்கள். அதே ஆட்கள்தான், அதே எண்ணிக்கைதான், ஆனால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. கோர்னியா, ஸஃப்பில் நிற்கும் கூட்டம். வெள்ளை விழி, வாசலில் நெருக்கும் கூட்டம்.

பூ விழுவதும் இதுதான். ஆழமான காயம் அல்லது தொற்று ஏற்பட்டால், நார்களுக்கு நடுவே அமைதியாக இருக்கும் கலங்கள் அவசர அவசரமாகப் புதிய கொலாஜனைச் சுரந்து ஓட்டையை அடைக்கின்றன. உடம்பு காயத்தை மூடிவிடுகிறது. ஆனால் அந்த அவசரத்தில் வரிசை கலைந்துவிடுகிறது. மாமாவின் கண்ணிலுள்ள வெள்ளைப் புள்ளி அழுக்கல்ல, படிந்த பொருளுமல்ல. வரிசை கலைந்த இடம் அது. சொட்டு மருந்தால் அதைக் கழுவ முடியாததும் இதனால்தான்.

இப்போது அச்சடிப்புக்கு வருவோம். பயோபிரின்டிங் என்று சொல்லப்படும் இந்தத் தொழில்நுட்பம் இருபது வருடங்களுக்கு மேல் பழையது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தோமஸ் போலண்ட் என்பவரின் குழு, அலுவலகங்களில் பாவிக்கும் சாதாரண இங்க்ஜெட் பிரின்டரை மாற்றியமைத்து, மைக்குப் பதிலாக உயிருள்ள கலங்களை அச்சடித்துக் காட்டியது. இன்று பாவிக்கப்படும் இயந்திரங்கள் பலவும் நம் வீட்டு இடியப்ப உரலைப் போல வேலை செய்கின்றன. கலங்களை ஜெலி போன்ற ஒரு குழம்பில் கலந்து, ஊசி வழியே இழையாகப் பிழிந்து, படை மேல் படையாக அடுக்குகின்றன. அந்தக் குழம்பைத்தான் உயிர் மை என்கிறார்கள்.

2018இல் பிரித்தானியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சே கொனன் என்ற பேராசிரியரின் குழு, மனிதக் கோர்னியாக் கலங்கள், கொலாஜன், கடற்பாசியிலிருந்து எடுத்த அல்ஜினேற் ஆகியவற்றைக் கலந்து பத்து நிமிடத்துக்குள் ஒரு கோர்னியாவின் வடிவத்தை அச்சடித்தது. மாமா பார்த்ததைப் போன்ற காணொளிகள் அந்தச் செய்திக்குப் பிறகு உலகம் முழுவதும் சுற்றின. வடிவம் சரி, வளைவு சரி, கலங்களும் உயிரோடு இருந்தன. ஆனால் வடிவம் வந்துவிட்டால் ஒழுங்கும் வந்துவிடுமா?

காணொளி மறைக்கும் இடம் இதுதான். குழம்பைப் பிழிந்து குமிழ் வடிவத்தில் வைப்பது இலேசு. உள்ளேயுள்ள நார்களையும் கலங்களையும் ஸஃப்பில் நிறுத்துவதுதான் கஷ்டம். அது இல்லாவிட்டால் நமக்குக் கிடைப்பது கோர்னியா வடிவத்தில் இன்னொரு பூ.

இதற்கு உலகெங்கும் வழி தேடுகிறார்கள். தென்கொரியாவின் போஹாங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் ஓர் அழகான வழியைக் காட்டினார்கள். நம் சுது கங்கையில் குச்சிகள் மிதந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு அகலமான இடத்தில் அவை கண்டபடி சுற்றும். ஒடுங்கிய இடத்தில் எல்லாம் நீரோட்டத்தின் வழியே நீளவாக்கில் திரும்பிவிடும். ஊசியும் அப்படித்தான். உயிர் மை ஒடுங்கிய துளைக்குள் தள்ளப்படும்போது, உராய்வினால் அதிலுள்ள கொலாஜன் நார்கள் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. ஒரு படையை இந்தத் திசையிலும் அடுத்த படையைக் குறுக்காகவும் அச்சடித்தால் கோர்னியாவின் அமைப்பை நெருங்கலாம். நார்கள் வரிசையானால் கலங்களும் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு வளர்கின்றன. முயல்களின் கண்ணில் வைத்துப் பார்த்தபோது நல்ல பலன் கிடைத்தது. ஆனால் துளையை மேலும் மேலும் ஒடுக்கவும் முடியாது. உராய்வு அளவு மீறினால் கலங்கள் நசுங்கிவிடும். கலம் சாகாத, அதேநேரம் நார் நேராகும் அந்த நடு அளவைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

கண்ணுக்கு மட்டுமான பிரச்சினை அல்ல இது. இதயத் தசை ஒரே திசையில் சேர்ந்து சுருங்கினால்தான் இரத்தம் வெளியே தள்ளப்படும். கலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்தால், துடிப்பு இருக்கும், தள்ளும் பலம் இருக்காது. 2022இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஜெனிபர் லூயிஸ் என்பவரின் குழு, மூலக் கலங்களிலிருந்து உருவாக்கிய இதயக் கலங்களை முதலில் நுண்ணிய தூண்களுக்கிடையே வளர்த்து வரிசைப்படுத்தியது. பிறகு வரிசையான அந்தச் சிறு துண்டுகளை மையாக்கி, விரும்பிய திசையில் அச்சடித்தது. அச்சடித்த வழியே இழையமும் சுருங்கியது. தசை, நரம்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். அவற்றோடு ஒப்பிட்டால் கோர்னியாவுக்கு ஒரு வசதி உண்டு. அதில் இரத்தக் குழாய் இல்லை. குழாய்களையும் சேர்த்து அச்சடிக்க வேண்டிய தலையிடி இல்லாததால்தான், அச்சடித்த உறுப்புகளில் முதலில் வரக்கூடியவற்றில் ஒன்றாகக் கோர்னியாவைப் பலரும் எதிர்பார்க்கிறார்கள்.

நமக்கு மிக அருகில் நடந்த முயற்சி ஹைதராபாத்தில். எல்.வி. பிரசாத் கண் நிறுவனம், ஹைதராபாத் ஐ.ஐ.டி., சி.சி.எம்.பி. எனப்படும் கல மூலக்கூற்று உயிரியல் மையம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு கோர்னியாவை அச்சடித்து, முயலின் கண்ணில் பொருத்தியதாக 2022 ஓகஸ்ட் மாதம் அறிவித்தன. டொக்டர்கள் சயன் பாசு, விவேக் சிங், பேராசிரியர் பல்குனி பதி ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். விலங்கிலிருந்து எடுத்த எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை, செயற்கைப் பொருளும் இல்லை என்பது அவர்களின் சிறப்பு.

அப்படியானால் மை எங்கிருந்து வந்தது? தானம் செய்யப்பட்ட மனிதக் கண்களிலிருந்து. பார்வைக்காக நேரடியாகப் பொருத்த முடியாதவை என்று கண் வங்கி ஒதுக்கும் கோர்னியாக்களை எடுத்து, அவற்றின் கலங்களை நீக்கி, எஞ்சும் நார்ப்பொருளை ஜெலியாக்கி, மனிதக் கண்ணின் மூலக் கலங்களைச் சேர்த்து அச்சடித்தார்கள். தானம் செய்யப்பட்ட ஒரு கோர்னியாவிலிருந்து மூன்றை அச்சடிக்கலாம் என்று அந்தக் குழு கூறியது. 2016இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்றின்படி 1 கோடி 27 இலட்சம் பேர் கோர்னியாவுக்காகக் காத்திருக்கிறார்கள். 70 பேருக்குத் தேவையான இடத்தில் ஒன்றுதான் கிடைக்கிறது. ஒன்றை மூன்றாக்க முடிந்தால் அது பெரிய விஷயம்தான்.

ஆனால் மாமாவின் கணக்கு இங்கே பிழைத்துப் போகிறது. யாருடைய கண்ணும் வேண்டாம் என்பதற்காக அச்சடித்த கண்ணுக்குக் காத்திருக்கிறார். அந்த அச்சு இயந்திரமோ தானம் செய்தவரின் கண்ணிலிருந்துதான் மை எடுக்கிறது. "இனி கண் தானம் தேவையில்லை" என்ற தலைப்பு அந்த வகையில் நேர் எதிர்.

மனிதக் கண் வேண்டாம் என்றால் விலங்கு. கொரியர்கள் மாட்டின் கோர்னியாவிலிருந்து மை செய்தார்கள். இன்னொன்றும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2022இல் சுவீடனின் லின்ஷொப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அச்சு இயந்திரம் இல்லாமலே ஒரு கோர்னியா உள்வைப்பைச் செய்து, இந்தியாவிலும் ஈரானிலும் 20 பேருக்குப் பொருத்தியதை வெளியிட்டார்கள். கோர்னியா மெலிந்து கூம்பும் நோயுள்ளவர்கள் அவர்கள். 14 பேர் சிகிச்சைக்கு முன்னர் பார்வையற்றவர்களாகக் கணிக்கப்பட்டவர்கள். இரண்டு வருடங்களுக்குப் பின்னர் அவர்களில் ஒருவரும் அந்த நிலையில் இல்லை. அந்த உள்வைப்பின் கொலாஜன் பன்றித் தோலிலிருந்து எடுக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சை நடந்த இடங்களில் ஒன்று தெஹ்ரான்.

இதைச் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் அவரைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பன்றியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து உருமாற்றிய பொருளை மருந்தாகப் பாவிப்பது பற்றி உலமாக்களிடையே விரிவான பேச்சு இருக்கிறது. அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. புதிய தொழில்நுட்பம் வந்துவிட்டால் மார்க்கக் கேள்வி கேட்காமலே தப்பித்துக்கொள்ளலாம் என்று நாம் நினைக்கிறோம். அது நடப்பதில்லை. கேள்வி மாறுகிறது, சில வேளை முன்னையதைவிடச் சிக்கலாகிறது. ஆகவே இன்றைக்கு நம் முன்னாலுள்ள கேள்வியை இன்றைக்கே கேட்டுத் தெளிவது நல்லது.

இன்றைக்கு நம் முன்னாலுள்ளது தானம் செய்யப்பட்ட கோர்னியா. இது புதிய பரிசோதனை அல்ல. வெற்றி பெற்ற முதல் கோர்னியா மாற்றுச் சிகிச்சை 1905 டிசம்பரில் இன்றைய செக் குடியரசிலுள்ள ஒலொமௌட்ஸில் நடந்தது. எட்வார்ட் ஸிர்ம் என்ற வைத்தியர் செய்தார். சுண்ணாம்பு பட்டுக் கண் போன ஒரு தொழிலாளிக்குப் பார்வை திரும்பியது. நூறு வருடங்களுக்கு மேலாக மனித குலம் பழகிய சிகிச்சை அது. பொருத்திய கோர்னியாவை உடல் நிராகரிக்கும் அபாயமும் உண்டு, மாதக் கணக்கில் சொட்டு மருந்தும் கிளினிக்கும் உண்டு. ஆனால் அதில் அந்த ஸஃப்பைப் படைத்தவன் ஏற்கெனவே ஒழுங்காக நிறுத்தி வைத்திருக்கிறான். எந்த ஆய்வுகூடமும் இன்னும் முழுமையாக எட்டிப் பிடிக்காத ஒழுங்கு அது. அச்சடித்த கோர்னியாக்களைப் பொறுத்தவரை மனிதர்களிடம் முதற் பரிசோதனைகளே இப்போதுதான் தொடங்குகின்றன.

இந்த விஷயத்தில் இலங்கை உலகமே அறிந்த நாடு. 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா இலங்கை கண் தானச் சங்கத்தை ஆரம்பித்தார். 1964இல் இங்கிருந்து சிங்கப்பூருக்கு முதல் கண்கள் போயின. அதன் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இலங்கைக் கண்கள் போயிருக்கின்றன. அவற்றை மிக அதிகமாகப் பெற்ற நாடு பாகிஸ்தான். பல்லாயிரக்கணக்கான பாகிஸ்தானியர் இன்று குர்ஆனைப் பார்த்து ஓதுவது இலங்கையர் ஒருவரின் கோர்னியா வழியாகத்தான். கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் நம் பக்கத்து ஊர்களில் வாழும் பௌத்தர்கள். பெற்றுக்கொள்ளும் பக்கத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள். கொடுக்கும் பக்கத்தில் நாம் மிக அரிது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மையத்தின் கண்ணியம் நமக்கு எவ்வளவு பெரியது என்பது 2020இல் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது நாம் அழுத அழுகையிலிருந்தே தெரியும். தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் தயக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டிருப்பதும் கேட்டுத் தெளிவதும் ஒன்றல்ல.

மார்க்க அறிஞர்கள் இதைப் பேசாமல் விட்டுவிடவில்லை. 1982இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை உறுப்பு மாற்றுச் சிகிச்சையை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. 1988 பெப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி இதை விரிவாக ஆராய்ந்து தீர்மானம் எடுத்தது. ஒருவரின் உயிரோ உடலின் அடிப்படையான ஒரு செயற்பாடோ அதில் தங்கியிருந்தால், இறந்தவரிடமிருந்து உறுப்பைப் பெறலாம். இறந்தவர் முன்னரே சம்மதித்திருக்க வேண்டும், அல்லது வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். உறுப்பை விற்கக் கூடாது. மறுபக்கம், இந்திய உபகண்டத்தின் உலமாக்களில் பலர் இதை அனுமதிப்பதில்லை. மனித உடல் அல்லாஹ்வின் அமானிதம், அதை வழங்க நமக்கு உரிமையில்லை என்பது அவர்களது வாதம். இரண்டும் கற்றறிந்தவர்களின் கருத்துகள். எதைப் பின்பற்றுவது என்பதை வட்ஸ்அப் தலைப்பு தீர்மானிக்கக் கூடாது. நம்பகமான ஆலிம் ஒருவரிடம் நோயின் விபரத்தோடு போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். பெற்றுக்கொள்வது பற்றிய கேள்வியும் கொடுப்பது பற்றிய கேள்வியும் வெவ்வேறு என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கொடுப்பது பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். இறந்து சில மணி நேரத்துக்குள் கோர்னியாவை எடுக்க வேண்டும். ஏறத்தாழ அரை மணி நேர வேலை. முகம் சிதைவதில்லை. ஜனாஸாவை நேரத்தோடு அடக்கும் நம் வழக்கத்துக்கு அது தடையாக வேண்டியதில்லை.

மாமாவின் கதைக்கு வருகிறேன். அடுத்த கிழமை அவரை ஊர் மௌலவி ஒருவரிடம் கூட்டிச் சென்றேன். கிளினிக் கொப்பியையும் எடுத்துப் போனோம். அவர் முழுவதையும் கேட்டார். மற்றக் கண்ணில் பார்வை எப்படி, டொக்டர் வேறு வழி ஏதும் சொன்னாரா என்றெல்லாம் விசாரித்தார். இரு தரப்பு வாதங்களையும் சொல்லி, இந்த நிலையில் தான் எந்தக் கருத்தைச் சரி காண்கிறார் என்பதையும் சொன்னார். அது மாமாவுக்கும் அவருக்கும் இடையிலானது, இங்கே எழுதத் தேவையில்லை. கடைசியில் மாமா தன் சாட்சிக் கேள்வியைக் கேட்டார். மௌலவி சிரிக்கவில்லை. "ஹாஜியார், அந்தக் கண்ணால யார் எப்ப எதைப் பார்த்தாங்க எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியாமப் போகுமா? நீங்க பார்த்ததுக்கு மட்டும் பதில் சொல்ல ஆயத்தமா இருங்க" என்றார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் மாமா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அடுத்த கிளினிக் எண்டைக்கு மகன்?" என்று கேட்டார். இப்போது அவருடைய பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது.

கடைசியாக நம் பகுதி மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உக்குவளை, ரத்தோட்டைப் பக்கத்து மிளகுத் தோட்டங்களிலும், கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து வயல்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் வேலை செய்பவர்கள் நிறைய. குச்சி, வைக்கோல், நெல் உமி எது கண்ணில் பட்டாலும் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். தாவரப் பொருள் பட்ட காயத்தில் பூஞ்சணம் தொற்றும். சிவப்பைக் குறைப்பதற்காகக் கடையில் வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். அது வலியைக் குறைத்து நம்மை ஏமாற்றிவிட்டுப் பூஞ்சணத்தை வளர விடும். தாய்ப்பால் விடுவது, இலைச் சாறு விடுவது எதுவும் வேண்டாம். கிளை வெட்டும்போதும் சூடடிக்கும்போதும் ஒரு சாதாரணக் கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும்.

உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் இத்தனை வருடங்களாகப் பாடுபட்டும் முழுமையாகத் திருப்பி அடுக்க முடியாத ஒரு வரிசையை அல்லாஹ் நம் ஒவ்வொருவரின் முகத்திலும் இலவசமாக வைத்திருக்கிறான். அது கலையாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. கலைந்துவிட்டால், காணொளிக்காகக் காத்திருக்காமல் டொக்டரிடமும் ஆலிமிடமும் போவதும் நம் கையில்தான் இருக்கிறது.